ஆகாசத்தில் ஒரு சபை

நெய்வேலிச் சுரங்கத்தின் வேலியோரம் நிற்கிறேன். எங்கள் சின்ன மென்னோனைட் கிறிஸ்தவ சபை இருந்த ஊர் முழுவதும் இந்தப் பள்ளத்தில் போய்விட்டது. திருவிருந்தில் அப்பம் பிட்கும் முன் ஒருவர் காலை ஒருவர் கழுவுவது எங்கள் வழக்கம்.

“எங்க கோயில் எந்தப் பக்கம் தம்பி இருந்துச்சு?”

காவல்காரர் நடுப்பள்ளத்துக்கு மேலே கை நீட்டுகிறார். “அதோ, ஆகாசத்துல. தரையத்தான் வெட்டிட்டாங்களே ஆயா.”

“அங்கதான் பண்ணைவூட்டம்மா குனிஞ்சு, அவங்க வயல்ல நடவு நட்ட என் காலைக் கழுவுனாங்க.”

“நடவு நட்ட உங்க காலையா?” சிரிக்கிறார்.

“முந்தானையால தொடச்சும் வுட்டாங்க. அவங்க வூட்டு வாசப்படிய நான் மிதிச்சதில்ல.”

அவர் சிரிப்பை நிறுத்துகிறார். கீழே இயந்திரம் மண்ணை வாரிக்கொண்டே இருக்கிறது. ஒன்றுமே இல்லாத அந்த உயரத்தில், இன்னொரு தடவை காலை நீட்டி உட்கார வேண்டும்போல் இருக்கிறது.