கேழ்வரகு மாவில் வைத்த அம்மை

எங்கள் வீட்டு வாசல் நிலையில் துருப்பிடித்த ஆணி ஒன்று இருந்தது. அதில் எதையும் மாட்ட அம்மா விடமாட்டாள். ஒருமுறை அப்பா வேலைக் களைப்பில் சட்டையைக் கழற்றி அதில் மாட்டிவிட்டார். அம்மா பேசாமல் அதை எடுத்துக் கொடியில் போட்டாள். நான் பள்ளிக்கூடப் பையை மாட்டியபோது மட்டும் முதுகில் ஒன்று விழுந்தது. பெரியவர்களுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயம் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா செத்து முப்பது நாள் ஆகிவிட்டது. இப்போதும் அந்த ஆணியில் நான் எதையும் மாட்டுவதில்லை.

நான் மூன்றாம் வகுப்பு முடித்திருந்த கோடை அது. எங்கள் ஊரிலிருந்து கெலமங்கலம் நடந்துபோகிற தூரம்தான். ராயக்கோட்டைப் பக்கம் புதிதாகத் தண்டவாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா அங்கே மண் சுமக்கப் போய் சனிக்கிழமை சாயங்காலம்தான் திரும்புவார். அம்மா ஊரிலேயே ஒரு கன்னடக்கார அம்மாவின் தோட்டத்தில் மல்பெரித் தழை அறுக்கப் போனாள். அந்த வீட்டில் பட்டுப்புழு வளர்த்தார்கள். ஆறு வருஷமாகத் தழை அறுத்துப் போட்டவளுக்கு, அந்தத் தழையைத் தின்கிற புழு இருந்த அறைக்குள் நுழைய அனுமதி இல்லை.

அந்தக் கோடையில் தோட்டத்து அம்மாவுக்கு என்ன தோன்றியதோ, முட்டை ஒட்டியிருந்த தாளில் ஒரு மூலையைக் கத்தரித்து அம்மாவிடம் கொடுத்தாள்.

"வளத்து நோடு. சென்னாகி, நல்லா கூடு கட்டினா, அடுத்த தடவ முழுத் தாளே குடுக்கறேன்."

உள்ளங்கை அளவு தாள். அம்மா அதை முந்தானைக்குள் வைத்து, வெயில் படாமல், மாதா கோயில் பூசைக்கு அப்பம் கொண்டுவருகிற சாமியார் மாதிரி நடந்து வந்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் ஒற்றை அறை வீடு புழுவின் வீடாகிவிட்டது. அறைக்கு நடுவில் புடவையைக் குறுக்கே கட்டி, பின்பக்கத்தைப் புழுவுக்குக் கொடுத்துவிட்டு முன்பக்கத்தில் நாங்கள் இருந்தோம். எறும்பு ஏறாமல் இருக்க, புழுத் தட்டு வைத்த பரணின் நான்கு காலுக்கும் அடியில் தண்ணீர் ஊற்றிய கொட்டாங்குச்சி. வெக்கை தாக்காமல் இருக்க, சன்னலில் நனைத்த கோணிச்சாக்கு. வாசனை ஆகாது என்று அம்மா தலைக்கு எண்ணெய் வைப்பதையே விட்டுவிட்டாள். தாளிப்பதைக்கூட வாசலில் அடுப்பு மூட்டித் தாளித்தாள். பரணுக்கு மேலே குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் கொடுத்த ஓலையில் சிலுவை முடைந்து கட்டினாள்.

அம்மா அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. புழு தோல் உரிப்பதற்கு முன்னால் ஒரு நாள் தின்னாமல் தலையைத் தூக்கிக்கொண்டு தூங்கும். மறுநாள் காலையில் தழையை ஒதுக்கிப் பார்த்துவிட்டு, விருந்தாளி வந்ததுபோல் என்னைக் கூப்பிடுவாள்.

"பாப்பா, எழுந்துட்டாங்கடி! எல்லாரும் எழுந்துட்டாங்க, வந்து பாரு!"

ஒரு தட்டு இரண்டாகி, இரண்டு நான்கானது. ஒவ்வொரு தட்டு கூடும்போதும் அம்மா கொஞ்சம் நிமிர்ந்து நடந்தாள். நான்காவது தோலை உரித்து எழுந்த பிறகு புழுக்கள் தின்கிற சத்தம் எங்களுக்கே கேட்டது. கோயிலில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, உதடு மட்டும் அசைய ஜெபமாலை சொல்வார்களே, அந்த மாதிரி ஒரு முணுமுணுப்பு. அம்மா தழை போட்டுவிட்டு சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள்.

அப்போதுதான் பக்கத்து ஊருக்கு மருந்தடிக்கிறவர்கள் வந்திருப்பதாகச் சேதி வந்தது.

கொசுவுக்கு அடிக்கிற மருந்து. முந்தின வருஷமும் அடித்தார்கள். பானை சட்டியெல்லாம் வெளியே எடுக்கச் சொல்லி, பம்பை வைத்து, சுவர் முழுக்க வெள்ளை வெள்ளையாக அடித்துவிட்டுப் போனார்கள். பல்லியெல்லாம் தரையில் விழுந்து கிடந்தது. எங்கள் பூனை இரண்டு நாள் நடுங்கி, மூன்றாம் நாள் அடுப்படியில் விறைத்துக் கிடந்தது. பூனைக்கே அந்தக் கதி என்றால் புழுவுக்கு என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

அம்மா தோட்டத்து அம்மாவிடம் ஓடினாள். தொங்கிய முகத்தோடு திரும்பி வந்தாள்.

"அவங்க வூட்டுல அடிக்க மாட்டாங்களாம், சொல்லி வெச்சிருக்காங்களாம்" என்றாள். "பெரிய வூடு, கேப்பாங்க. நம்ம வூட்டுல நாலு தட்டு இருக்குதுன்னா எவன் நிப்பான்?"

செவ்வாய்க்கிழமை காலையில் அம்மா வேப்பங்கொத்து ஒன்று ஒடித்துக்கொண்டு வந்தாள். வாசலில் நின்று அந்த ஆணியைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு கொத்தை அதில் கட்டினாள். யார் வீட்டு வாசலில் வேப்பிலை தொங்குகிறதோ அந்த வீட்டில் அம்மை கண்டிருக்கிறது என்று அர்த்தம். வெளியாள் உள்ளே வரமாட்டான்.

என்னைப் பாயில் படுக்கவைத்தாள். கேழ்வரகு மாவைக் கெட்டியாகக் கரைத்து, ஈர்க்குச்சியால் தொட்டுத் தொட்டு என் முகத்திலும் கையிலும் பொட்டுப் பொட்டாக வைத்தாள். ஓரிடத்தில் இரண்டு பொட்டு சேர்ந்து ஒன்றாகிவிட்டது. துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தாள்.

"கண்ண தெறக்காத. சொறியாத. யாரு கூப்புட்டாலும் பேசாத."

"பொய்யாம்மா இது?"

"பேசாதன்னு சொன்னனா இல்லையா?"

எனக்கு இரண்டு பேரிடம் பயம். ஒன்று மாதா. பொய் சொல்கிற பிள்ளையைப் பார்த்து மாதா அழுவாள் என்று ஞானோபதேச வகுப்பில் சொல்லியிருந்தார்கள். மற்றது எங்கள் தெருக்கோடி மாரியம்மன். அவள் அழுகிற ரகம் இல்லை. அவள் பெயரில் விளையாடினால் நேரில் வந்துவிடுவாள் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சொல்வார்கள். பாயில் படுத்துக்கொண்டு இருவரிடமும் மாறி மாறி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மாவு காயக் காயத் தோலை இழுத்துப் பிடித்தது. எறும்பு வந்தது. புழுவுக்குத்தான் கொட்டாங்குச்சித் தண்ணீர், எனக்கு இல்லை. ஒரு எறும்பு கன்னத்துப் பொட்டைக் கடித்துப் பார்த்துவிட்டு, கண் இமை மேல் ஏறிய நேரத்தில் வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

"ஏம்மா, சாமானெல்லாம் வெளிய எடுத்தாச்சா? இன்னும் எடுக்கலியே நீங்க!" திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு.

"பொண்ணுக்கு அம்மா வார்த்திருக்குதுங்க சார்."

"எத்தன நாளாச்சு?"

"மூணு நாளுங்க."

கனமான காலடி ஒன்று உள்ளே வந்தது. எறும்பு இமையோரத்தில் நின்றது. புடவைக்குப் பின்னால் புழுக்கள் கொறிக்கிற சத்தம் அவ்வளவு பெரிதாக அதற்கு முன்னால் கேட்டதே இல்லை. அந்த ஆள் காதிலும் விழத்தான் போகிறது என்று நினைத்தேன்.

பம்பு தூக்கி வந்தவன் எங்கள் பக்கத்து ஆள். வெளியிலிருந்தே கத்தினான். "சார், வேப்பல கட்டிகீது சார்! ஆத்தா இருக்கற வூடு. நா உள்ள கால வெக்க மாட்டன், நீங்களும் வந்துடுங்க."

காலடி பின்வாங்கியது. ஆனால் போகவில்லை.

"மருந்தடிக்கல, சரி. ஆனா அம்மைன்னா நான் எழுதிக் குடுத்துத்தான் ஆகணும். ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து பாப்பாங்க. தெருவுக்கே அம்மை குத்துவாங்க. பொண்ணு பேரு என்ன?"

அம்மா என் பெயரைச் சொல்லச் சற்று நேரம் ஆனது. பெயர் மறந்துபோனவள் மாதிரி நின்றாள்.

அவர்கள் போனதும் நான் எறும்பைத் தட்டிவிட்டு எழுந்தேன். அம்மா என்னை மறுபடியும் படுக்கவைத்தாள். தெரு பார்த்துக்கொண்டிருந்ததே. கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டுத் தெலுங்குக்கார அக்கா ஒரு சொம்புத் தண்ணீரை வாசற்படியில் ஊற்றிவிட்டு, தூரத்தில் நின்று என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"தல்லி, குளுந்துக்கோ தாயே. எங்க வூட்டுப் பக்கம் வந்துடாத. எம்பையனக் காப்பாத்து."

அந்தப் பையன் என் பென்சிலைத் திருடியவன். அவனைக் காப்பாற்றும் பொறுப்பு இப்போது என்னிடம் வந்துவிட்டது. என்னை ஒருவர் கும்பிட்டது வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான். பயத்தில் பாயிலேயே ஒன்றுக்குப் போய்விட்டேன்.

இரண்டு நாள் அப்படிக் கிடந்தேன். அம்மா புழுவுக்குத் தழை போடுவாள், உடனே வந்து என் நெற்றியில் கையை வைப்பாள். மறுபடியும் தழை, மறுபடியும் நெற்றி. கழுத்தைத் தொட்டாள், உள்ளங்காலைத் தொட்டாள். மாவு உதிர்ந்துவிட்டதா என்று பார்க்கிறாள் என்று நினைத்தேன். வியாழக்கிழமை தலைக்குத் தண்ணீர் ஊற்றி, அம்மை இறங்கிவிட்டது என்று தெருவுக்குக் காட்டினாள்.

வெள்ளிக்கிழமை சைக்கிளில் பெட்டி வைத்துக்கொண்டு அம்மை குத்துகிறவர் வந்தார். என் முகத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அம்மையா இது? வேர்க்குருகூட இல்ல. எவன் எழுதினான்?"

அம்மா தரையைப் பார்த்தாள். எங்களைப் பிடித்துக்கொண்டு போகப்போகிறார் என்று நான் அம்மாவின் புடவையைக் கெட்டியாகப் பிடித்தேன். அவரோ பெட்டியைத் திறந்தார். "வந்தது வந்துட்டன். கைய நீட்டு."

என்னில் தொடங்கித் தெரு முழுக்கக் குத்திவிட்டுத்தான் போனார். மறுநாள் எல்லார் கையும் வீங்கியது. தெலுங்குக்கார அக்கா கும்பிட்ட அதே கையைத் தூக்கிக் காட்டினாள்.

"ஏம்மே, உம்பொண்ணுக்கு வேர்க்குரு வந்ததுக்கு எங்க கைய எல்லாம் குத்த வெச்சியே, நல்லா இருப்பியா நீ?"

அம்மா சிரித்துச் சமாளித்தாள். பயம் தீர்ந்தது என்றுதான் நான் நினைத்தேன். சனிக்கிழமை அப்பா வந்தார். வேப்பங்கொத்து காய்ந்து, இன்னும் ஆணியிலேயே தொங்கியது. வாசலில் நின்று அதைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். கொத்தை அவிழ்த்து எடுத்துக்கொண்டு போய்க் குப்பைமேட்டில் போட்டுவிட்டு, அங்கேயே இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார். கோயிலுக்குப் போகிற குடும்பம் வேப்பிலை கட்டியதால் கோபம் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை விடிந்ததும் அப்பா வேலைக்குப் போனார். அன்றைக்குத்தான் புழு பழுத்தது. பழுத்த புழு பழுப்பு மஞ்சளாக, கண்ணாடி மாதிரி ஆகி, தழையைத் தொடாமல் தலையை ஆட்டி இடம் தேடும். உடனே பொறுக்கி, மூங்கில் பட்டையைச் சுழலாகக் கட்டிய சந்திரிகைத் தட்டில் விடவேண்டும். தாமதித்தால் கண்ட இடத்தில் நூலைக் கக்கி, கூடு வீணாகிவிடும். தோட்டத்து அம்மாவிடம் கேட்டு வாங்கிவந்த சந்திரிகையை அம்மா சுவரில் சாய்த்துவைத்தாள். முதல் புழுவைத் தன் புறங்கையில் நடக்கவிட்டுப் பார்த்து, சிரித்து, அதைச் சந்திரிகையில் விட்டாள்.

"அம்மா, குளுருது" என்றேன்.

குத்திய இடம் கொப்பளித்து, கை தோள்வரை கனத்திருந்தது. உடம்பு கொதித்தது. சொம்புத் தண்ணீரில் முகத்தைப் பார்த்தேன். கன்னம் சிவந்திருந்தது. மாரியம்மன் வந்துவிட்டாள் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

"நான் நடிச்சதுக்குத்தான் வந்துடுச்சாம்மா?"

அம்மா என் வாயைப் பொத்தினாள். அன்றைக்குத் தெருவில் பாதிப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல்தான், குத்தினால் வருவதுதான். எதிர்வீட்டுப் பையன் காய்ச்சலோடு கோலி ஆடிக்கொண்டிருந்தான். அக்காவே வாசலில் நின்று சொன்னாள், "குத்துன காச்சல்தாம்மே, நாளைக்கு எறங்கிடும், நீ போய் உம்புழுவப் பாரு."

அம்மா போகவில்லை. என்னை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவள் அன்று பகல் முழுக்க எழுந்திருக்கவில்லை, மறுநாளும் எழுந்திருக்கவில்லை. புடவைக்குப் பின்னால் முணுமுணுப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. புழுக்கள் தட்டின் விளிம்பிலும், பரண் காலிலும், புடவையிலும், குருத்தோலைச் சிலுவையிலும் தங்கள் பாட்டுக்கு நூலைக் கக்கின. கொட்டாங்குச்சித் தண்ணீரில் விழுந்து கொஞ்சம் செத்தன. காலியாகக் கிடந்த சந்திரிகையில் அந்த ஒரே புழு மட்டும் ஒழுங்காகக் கூடு கட்டியது.

புதன்கிழமை தோட்டத்து அம்மா வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏனம்மா இது! கண்ணு இல்லவா நினக்கே? கை நீட்டினா எடுத்துப் போடற தூரம்!"

"பாப்பாவுக்குக் காய்ச்சலுங்க" என்றாள் அம்மா. அவ்வளவுதான். அடுத்த முழுத் தாள் வரவே இல்லை. சாகும்வரை அம்மா அந்தத் தோட்டத்தில் தழைதான் அறுத்தாள்.

எனக்கு அம்மா மேல் வெகுகாலம் கோபம் இருந்தது. புழுவுக்காக என்னை இரண்டு நாள் எறும்புக்குக் கொடுத்தவள், ஒரு ஊசிக் காய்ச்சலுக்குப் பயந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டாளே என்று. முப்பதாம் நாள் பூசைக்கு வந்த பெரியம்மா, வாசலில் செருப்பை விடும்போது அந்த ஆணியைத் தொட்டுக் கும்பிட்டதைப் பார்த்துத்தான் கேட்டேன். எனக்கு முன்னால் ஒரு பெண் பிறந்திருந்தாளாம். மூன்று வயதில் செத்துப்போனாளாம். நிஜமான அம்மையாம். அவளுக்கு வேப்பிலை கட்ட அப்பா அடித்த ஆணியாம் அது.

"பேரு பிலோமினா. உங்கம்மா பிலோமி, பிலோமின்னுதான் கூப்புடுவா" என்றாள் பெரியம்மா.

அந்தப் பெயர் எனக்குத் தெரியும். காய்ச்சலில் நான் மடியில் கிடந்த அன்று, அம்மா என் நெற்றியைத் தடவிக்கொண்டு அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். "பிலோமி... பிலோமி..." அந்தப் பெயரில் ஒரு புனிதை உண்டு. கோயிலில் ஒருவர் புனிதர்களின் பெயரைச் சொல்லச் சொல்ல, மற்றவர்கள் பதில் சொல்வார்கள். அம்மா பிரார்த்தனை சொல்கிறாள், பதில் சொல்லவேண்டியது நான்தான் என்று நினைத்தேன். அவள் ஒவ்வொரு தடவை பெயரைச் சொல்லும்போதும், காய்ந்த வாயால் நானும் விடாமல் சொன்னேன்: "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

அம்மா என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள். இவ்வளவு காய்ச்சலிலும் பிள்ளை பக்தியாக ஜெபம் சொல்கிறதே என்ற சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து, அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.