பாட மட்டுமே பொருந்திய பல்செட்

சின்னவனுக்கு வயது நாற்பத்தேழு. வீட்டில் கடைசியாகப் பிறந்ததால் வந்த பெயர், தலை பாதி நரைத்த பிறகும் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. பல் மருத்துவமனையின் பின்னறையில் இருபத்திரண்டு வருடமாகப் பல்செட் செய்கிறான். அவன் செய்த செட் ஒன்றுகூடக் கழன்று தட்டில் விழுந்ததில்லை என்பதை அவனுடைய அக்கா கேட்டவர்களுக்கும் சொல்வாள், கேட்காதவர்களுக்கும் சொல்வாள்.

சாக்ஸபோன் அவன் கைக்கு வந்ததும் பல் வழியாகத்தான். ஓட்டல் மேடையில் வாசித்துக்கொண்டிருந்த ஒருவர் பல்லெல்லாம் போய் அவனிடம் வந்தார். செட் கச்சிதமாக அமைந்தது. “பல்லு வந்துடுச்சு தம்பி, ஆசைதான் போயிடுச்சு” என்று கருவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு சின்னவன் தானாகவே கற்றுக்கொண்டான். அலமாரியில் வரிசையாக நூற்று அறுபது பிளாஸ்டர் தாடைகள் வாயைப் பிளந்தபடி கேட்டன. ஜாஸில், அவசரமே இல்லாமல் இழுத்து வாசிக்கும் காதல் பாட்டுகளைத்தான் அவன் எடுத்துக்கொண்டான். வேகமாக வாசித்தால் தாடைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும்.

பேருந்து நிலைய விசாரணைக் கவுண்டரில் வேலை பார்க்கும் அம்மாள் மேல்வரிசைப் பல்லுக்காக வந்தார். “ஆ சொல்லுங்க மேடம்” என்றான். அவர் சொன்ன ‘ஆ’ முடிவதற்குள் இவன் கையிலிருந்த மெழுகு இறுகிவிட்டது. அப்படி ஒரு நிதானம், அப்படி ஒரு அடிக்குரல். அன்றிலிருந்து இரண்டு வருடம் அவர் மதியம்தோறும் சாப்பாட்டு டப்பாவோடு வந்து பாடினார். ஒரு வரி பாடி நிறுத்துவார், அந்த இடைவெளியில் இவன் ஊதுவான். எட்டுப் பாட்டு தேறியது. இவனிடம் கடைவாய்ப் பல் கட்டிக்கொண்ட ஒலிப்பதிவுக்காரர், ஆல்பமாகப் போடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கித் தந்தார்.

ஒரே ஒரு குறை. கீழ்ச்சுரத்துக்கு இறங்கும்போது அம்மாளின் செட் ‘டக்’ என்று தட்டும். வெள்ளிக்கிழமை சின்னவன் அதைப் பிரித்து மறுபடி அமைத்தான். எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை அவன். எல்லோரும் கடிக்கச் சொல்லித்தான் அளவெடுப்பார்கள். இவன் பாடச் சொல்லி அளவெடுத்தான், எட்டுப் பாட்டையும்.

சனிக்கிழமை போட்டுப் பார்த்தார்கள். ‘டக்’ போயே போய்விட்டது. குரல் எண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு இறங்கியது. “நல்லா இருக்குங்க” என்று சொல்ல வாயெடுத்தார், செட் கழன்று நாக்கில் விழுந்தது. பாடினால் நிற்கிறது, பேசினால் விழுகிறது.

அன்று மாலை கவுண்டரில் அம்மாள் வேறு வழியில்லாமல் பேருந்து நேரங்களைப் பாடிச் சொன்னார். அதுவும் அவருக்குத் தெரிந்த ஒரே வேகத்தில். ‘ஆறு இருபது வண்டி’ என்பதை அவர் பாடி முடித்தபோது மணி ஆறு இருபத்தொன்று. பதினொரு பேர் வண்டியைத் தவறவிட்டார்கள். மூன்று பேர் இன்னொரு வண்டி நேரத்தையும் பாடச் சொன்னார்கள், எட்டுப் பேர் புகார் எழுதினார்கள். மேற்பார்வையாளர் வந்து, “திங்கக்கிழமை காலைல எட்டு மணிக்கு மனுஷங்க மாதிரி பேசணும். இல்லேன்னா கவுண்டர்ல வேற ஆள்” என்றுவிட்டார்.

செட்டைப் பேச்சுக்குத் தகுந்தபடி மாற்றலாம், இரண்டு மணி நேர வேலை. ஆனால் மாற்றிவிட்டால் இந்தக் குரல் திரும்பக் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை மருத்துவமனையை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள், ஒலிப்பதிவு அறையிலிருந்து அங்கே போக ஒரு மணி நேரம் ஆகும். ஆகவே இரண்டு மணிக்குப் பதிவை நிறுத்திவிட்டுக் கிளம்புவதாகப் பேச்சு. அதற்குள் எட்டுப் பாட்டும் முடிந்தாக வேண்டும்.

முடியவில்லை. அம்மாள் தண்ணீர் கேட்பதையும் பாடித்தான் கேட்டார்.

“மேடம், இது பாட்டா, நெஜமாவே கேக்குறீங்களா?” என்றார் ஒலிப்பதிவுக்காரர்.

“நெஜமாத்தாங்க... தாகமா இருக்குங்க...” என்று அவர் இழுத்து நிறுத்த, சின்னவன் கைப்பழக்கத்தில் அந்த இடைவெளியில் ஊதிவிட்டான். அவர் பதிலுக்கு இன்னொரு வரி எடுத்தார். தண்ணீர் வந்து சேர நாலு நிமிடம் ஆயிற்று.

இரண்டு மணிக்கு ஐந்து பாட்டுதான் ஆகியிருந்தது. கடிகாரம் அம்மாளின் முதுகுக்குப் பின்னால், சின்னவனுக்கு நேர் எதிரே.

“மணி என்னங்க ஆகுது...” என்று பாடினார்.

சின்னவன் பதிலுக்கு வாசித்தான். நீளமாக, அழகாக வாசித்தான். நேரம் இருக்கிறது போல என்று அம்மாள் ஆறாவது பாட்டை எடுத்தார். மறுபடி கேட்டார், மறுபடி வாசித்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அக்கா கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

ஏழாவது பாட்டின் கடைசி வரியை அம்மாள் அவனையே பார்த்துப் பாடினார். அந்த நம்பிக்கையைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. கருவியை வாயிலிருந்து எடுத்தான்.

“மேடம், மணி மூணே முக்கால். ரெண்டு மணிலேருந்து உங்கள ஏமாத்திக்கிட்டிருக்கேன்.”

அம்மாள் திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். கத்தத்தான் நினைத்தார், கத்தினால் செட் விழும்.

“அட பாவி மனுஷா... மூச்சு முட்ட ஊதினியே... மணிய மட்டும் மறைச்சியே... நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உக்காருவேன்...”

நிறுத்தினார். சின்னவன் ஊதிவிட்டான்.

“ஊதாதே... இப்பவும் ஊதுறியே...”

அதற்கும் ஊதினான். மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தான், விரல்கள் வேறு எதுவும் கற்றிருக்கவில்லை. ஒன்பது நிமிடம் அவர் திட்டினார், இவன் கெஞ்சினான். பிறகு அவர் செட்டைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தார்.

“அக்கா, என் அரப்பெட்டி! பொடி, சின்ன சீசா, எல்லாம் ரெண்டாவது தட்டுல இருக்கு!”

“எனக்குத் தெரியும்டா, அடுக்கி வச்சதே நான்தான்” என்று அக்கா ஓடினாள். மருத்துவமனையைப் பூட்ட ஆறு நிமிடம் இருக்கையில் பெட்டியை எடுத்துவிட்டாள். சின்னவன் ஒலிப்பதிவு அறையின் தரையிலேயே உட்கார்ந்து ராவினான், பூசினான், காயவிட்டான், மறுபடி ராவினான்.

ஒலிப்பதிவுக்காரர் பதிவுக் கருவியை அணைத்திருக்கவே இல்லை. “எட்டாவது பாட்டு இதுதான் சார்” என்று போட்டுக் காட்டினார்.

“பாட்டு இல்ல சார் அது, என்னத் திட்டினாங்க.”

“கேக்குறவங்களுக்குக் காதல்னுதான் தோணும்.”

அம்மாள் வாயைக் கையால் மூடிக்கொண்டு ஒன்பது நிமிடத்தையும் கேட்டார். எட்டு மணிக்குச் செட் தயாரானது. போட்டுக்கொண்டார். மூன்று பேரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

“அதையும் சேத்துக்கங்க” என்றார். செட் அசையவில்லை. “ஆனா அட்டையில என் பேரு மேல, பெருசா இருக்கணும். இவரு பேரு கீழ, சின்னதா.”

“சின்னதான்னா எவ்வளவு?” என்றாள் அக்கா, சுருக்கென்று.

“படிக்கக் கண்ணாடி வேணும். அவ்வளவு.”

சின்னவன் அரத்தைக் கையில் பிடித்தபடி குனிந்து பார்த்தான்.

“‘கண்ணாடி’ மட்டும் இன்னொரு தடவ சொல்லுங்க மேடம்” என்றான். “இடது பக்கம் லேசா தூக்குது.”