கைபிடி வைத்த கதிரை

"ஒழுங்குப் பிரச்சினை!" என்று சோமசேகரம் மேசையில் தட்டினார். எதிரே நின்ற இரண்டு மீனவர்களும் அசையவில்லை. உள்துறைமுகப் பக்கம் வலையும் நூலும் விற்கிற இந்தக் கடையில் அது நாளுக்குப் பத்துத் தடவையாவது நடக்கும். நிலாவெளிக்காரர் நைலோன் நூல் கேட்டுக்கொண்டிருக்கும்போதே இறக்கக்கண்டிக்காரர் ஈயக்குண்டின் விலையைக் கேட்டுவிட்டார். நடந்த குற்றம் அவ்வளவுதான்.

"முதலாவது விசயம் முடியாமல் ரெண்டாவதை எடுக்க ஏலாது. இருங்கோ."

"எதில இருக்கிறது தலைவர்? அந்த முக்காலியில இருந்து போன கிழமைதான் விழுந்தனான். கூட்டத்தை முடிச்சுப்போட்டு நூலைத் தாங்கோ, வள்ளம் நிக்குது," என்றார் நிலாவெளிக்காரர்.

முக்காலி வாடிக்கையாளருக்கு, அதன் ஒரு கால் குட்டை. தலைவருக்குத் தேக்கங் கதிரை, இரண்டு பக்கமும் அகலமான கைபிடி. நூலை அளக்கும்போதும் அவர் அதிலிருந்து எழுவதில்லை. சுருள்தான் அவரிடம் வரவேண்டும்.

எதற்குத் தலைவர் என்று துறைமுகத்தில் யாரும் கேட்டதில்லை. எங்கள் பல்கலைக்கழக வளாகத்தின் மாணவர் சங்கத்துக்கு. 1999 செப்டெம்பர் 27, திங்கட்கிழமை, 117 வாக்குகளுக்கு எதிராக 121 வாக்குகள் பெற்றுத் தெரிவானார். ஒக்டோபர் 22 அன்று ஊழியர் வேலைநிறுத்தத்தால் வளாகம் மூடப்பட்டது. திறந்தபோது அடுத்த தேர்தல் வந்துவிட்டது. ஆட்சிக்காலம் இருபத்தைந்து நாள். நடத்திய கூட்டம் ஒன்று.

இதற்குமேல் உள்ளதெல்லாம் அவர் சொல்கிற வரலாறு. "விடுதிக்குத் தண்ணித் தாங்கி கொண்டுவந்தது ஆர்? நான்!" என்பார். தாங்கி கட்டி முடிந்தது 1996இல். அப்போது அவர் பாடசாலையில் படித்துக்கொண்டிருந்தார். "நூலகத்தை இரவு எட்டு மணிவரைக்கும் திறக்க வைச்சது ஆர்?" 2004இல் வந்த நூலகர். வளாக அலுவலகத்தில் பதிவேடுகளை வைத்திருப்பவன் நான் என்பது அவருக்குத் தெரியும். இருந்தும் என் முன்னாலேயே சொல்வார். அந்தத் துணிச்சல்தான் அவரைத் தலைவராக்கியிருக்க வேண்டும்.

இந்த வருடம் சங்கம் தன் வரலாற்றை நூலாக வெளியிடுகிறது. நடுப்பக்கத்தில் தலைவர்கள் எல்லோருடைய படமும் வரும். ஆனால் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டக் குறிப்பு உரக்க வாசிக்கப்பட்டு, அக்கூட்டத்தில் இருந்த ஒருவர் முன்மொழிந்து, தலைவர் ஒப்பமிட்டால்தான் அது நடந்த கூட்டம். ஒரு கூட்டமாவது நடத்தாதவர் தலைவர் பட்டியலில் இல்லை. சோமசேகரத்தின் ஒரே குறிப்பின் கீழே ஒப்பமிடும் இடம் இருபத்தாறு வருடமாக வெறுமையாகக் கிடக்கிறது.

அவர் மறந்துபோனதல்ல, மறுத்தது. ஒக்டோபர் 14, பிற்பகல் 2.10க்குத் தொடங்கிய கூட்டம் 5.25க்கு முடிந்தது. நிர்வாகத்தின் பார்வையாளனாக மூலையில் நானும் இருந்தேன். நிகழ்ச்சி நிரலில் ஐந்து விடயங்கள். முதலாவது, தலைவருக்குக் கைபிடி வைத்த கதிரை பெறுதல். மற்ற நான்கையும் எடுக்க நேரம் போதவில்லை. செயலாளர் முனாஸ் சொல்லுக்குச் சொல் எழுதிவைத்தார். கதிரைப் பேச்சை வெட்டினால்தான் ஒப்பமிடுவேன் என்றார் தலைவர். "நீ சொன்னதைத்தானே எழுதினனான்," என்றார் முனாஸ். அன்றோடு இருவருக்கும் பேச்சில்லை.

குறிப்புப் புத்தகத்தோடு நான் கடைக்குப் போனேன்.

"அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப்போட்டு வேற எழுத ஏலாதா சேர்?"

"ஏலாது."

"அப்ப என்ரை பேர்?"

"வராது."

அவர் குரல் தணிந்தது. "மகள் கீர்த்தனி இந்த வருசம் எங்கடை வளாகத்துக்குத்தான் எடுபட்டிருக்கிறாள். அப்பாவின்ரை படத்தைத் தேடுவாள். சின்னனில இருந்து சொல்லி வைச்சிருக்கிறன் சேர்."

அந்தக் கூட்டத்தில் இருந்த மற்ற நான்கு உறுப்பினர்களில் மூவர் இப்போது வெளிநாட்டில். பார்வையாளனான நான் முன்மொழிய முடியாது. முன்மொழிய மிஞ்சியிருப்பவர், கிண்ணியாவில் கூரைத்தகடு விற்கும் முனாஸ் ஒருவர்தான். "அவனிட்டயா? நானா கேக்கிறது?" என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார் சோமசேகரம். மூன்றாம் நாள் தொலைபேசியில் அழைத்தார்.

முனாஸ் பகல் பஸ்ஸில் வந்து இறங்கினார். கடையில் அப்போது நான்கு மீனவர்கள், இறக்கக்கண்டிக்காரரும் அவர்களில் ஒருவர். "இவங்கள் போனாப் பிறகு வாசிக்கலாமே," என்றார் சோமசேகரம்.

"வாசிக்கிறது எண்டால் எல்லாருக்கும் கேக்கத்தான், தலைவர்," என்று முனாஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தொண்டையைக் கனைத்து உரக்க வாசித்தார்: "கைபிடி இல்லாத கதிரையில் இருந்துகொண்டு மாணவரின் உரிமைக்காகப் போராட இயலாது எனத் தலைவர் தெரிவித்தார்."

இறக்கக்கண்டிக்காரர்தான் முதலில் சிரித்தார். "அப்ப எங்களை முக்காலியில இருத்திப்போட்டு ஆரின்ரை உரிமைக்குத் தலைவர் இவ்வளவு நாளும் போராடினது?"

முனாஸ் சிரிக்கவில்லை. மூன்று பக்கத்தையும் ஒரு வரி விடாமல் வாசித்து முடித்தார். பிறகு தேக்கங் கதிரையை மேலும் கீழும் பார்த்தார். "தீர்மானம் நிறைவேறிட்டுது போல மச்சான். சரி, முன்மொழியிறன். ஒப்பத்தை வை."

சோமசேகரம் எழுந்தார். அவர் கடை நேரத்தில் எழுந்ததை நான் கண்டது அதுவே முதல் தடவை. கதிரையை மேசையைச் சுற்றி இழுத்துவந்து முனாஸின் பின்னால் வைத்தார்.

"இரு."

முனாஸ் இருந்தார். சோமசேகரம் முக்காலியைக் கிட்ட இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அது ஒரு பக்கம் சாய்ந்தது. புத்தகத்தை மடியில் விரித்து, வெற்றிடத்தில் தன் முழுப்பெயரையும் எழுதி ஒப்பமிட்டார். எழுதி முடிக்கும்வரை அவரது இடது கை கதிரையின் கைபிடியை இறுகப் பிடித்திருந்தது.