நிமியா மாட்டிய சுவிட்ச்

மரிஸ்கால் ஊரில் நிமியா ஃப்ரெத்தெஸின் பிக்கப்பைத் தெரியாதவர்கள் குறைவு. யெர்பா இலை, சர்க்கரை, ரப்பர் பூட்ஸ், டார்ச் பேட்டரி, தலைவலி மாத்திரை என்று சகலத்தையும் ஏற்றிக்கொண்டு சாக்கோ சமவெளியின் மாட்டுப் பண்ணைகளுக்குப் போய், அங்கே வேலை செய்கிறவர்களுக்கு விற்கிறவள் அவள். பத்தொன்பது வருடமாக அதே தடம். மழை விழுந்தால் அந்தத் தடத்தின் களிமண் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும். சக்கரம் இறங்கினால் இறங்கியதுதான். அதற்காகவே முன் பம்பரில் ஒரு மின்சார வின்ச் பூட்டியிருந்தாள். அதன் இரும்புக் கயிற்றை எதிரே இருக்கும் மரத்தில் கட்டிவிட்டுப் பட்டனை அழுத்தினால், வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொண்டு கரையேறும்.

பட்டன் அவள் புருஷன் இசபெலினோவின் பொறுப்பு. பம்பரிலிருந்து நீளும் ஒயரின் முனையில் கைப்பிடி அளவுக்கு ஒரு ரிமோட் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு அவன் வெளியே சேற்றில் நிற்பான். அவள் உள்ளே உட்கார்ந்து சக்கரத்தை மெதுவாக உருட்டிக் கொடுப்பாள்.

பிப்ரவரியில் இசபெலினோவுக்கு முதுகில் ஆபரேஷன் நடந்தது. ஆறு மாதத்துக்கு வண்டியில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நிமியா தனியாகக் கிளம்பினாள். மார்ச் மாத மழையில், இரண்டு பண்ணைகளுக்கு நடுவில், வண்டி இடுப்பளவு புதைந்தது. ரிமோட் ஒயரை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்துவைத்துக்கொண்டு ஒரு கையால் பட்டன், மறு கையால் ஸ்டியரிங் என்று முயன்றாள். வண்டி கொஞ்சம் நகர்ந்தது. அந்த நகர்வில் ஒயர் தொய்ந்து சக்கரத்துக்கு அடியில் போய் இரண்டாக அறுந்தது. மறுநாள் மத்தியானம் ஒரு டிராக்டர் வரும்வரை அங்கேயே கிடந்தாள். கொசு தின்ற முகத்தோடு வீடு வந்தவள், பட்டனை வண்டிக்குள்ளேயே வைக்கப்போவதாகச் சொன்னாள்.

கேட்க எளிதாகத்தான் இருந்தது. வின்ச்சின் பெட்டியிலிருந்து மூன்று மெல்லிய ஒயர்களை உள்ளே கொண்டுவந்து டேஷ்போர்டில் ஒரு சுவிட்சில் முடிய வேண்டும். ஒன்று கரண்ட் கொடுக்க, ஒன்று கயிற்றை உள்ளே இழுக்க, ஒன்று வெளியே விட. ஆனால் எஞ்சினையும் உள்பக்கத்தையும் பிரிக்கும் இரும்புத் தகட்டில் ஒயர் நுழைய இடமே இல்லை. இருந்த துளைகளில் எல்லாம் ஏற்கெனவே ஏதோ ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. முதல் நாள் முழுக்கத் துளை போடுவதிலேயே போனது. டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுத்து டிரில்லை அழுத்த, இரும்புத்தூள் கண்ணில் விழுந்தது. இரண்டு முனைகள் முறிந்தன. மூன்றாவது முனை ஒருவழியாகத் தகட்டைத் துளைத்தது. துளையின் விளிம்பு அரம் போலப் பிசிறு பிசிறாக நின்றது.

இசபெலினோ கொட்டகைக்குள் ஊஞ்சல் வலையில் மல்லாந்து, குளிர்ந்த நீரில் யெர்பா ஊறவைத்த தெரெரேயை உறிஞ்சியபடி யோசனை சொல்லிக்கொண்டிருந்தான். துளைக்கு ரப்பர் வளையம் போடச் சொன்னான். கையில் ரப்பர் இல்லை, பிறகு போடுவதாகச் சொல்லிவிட்டு அவள் ஒயர்களைப் பிடித்து இழுத்தாள். கரண்ட்டை முழுதாக நிறுத்திவைக்க இன்னொரு சுவிட்சும் வேண்டும் என்று அவள் சொன்னபோது, ஒன்றை மாட்டவே இந்தப் பாடு, இரண்டாவது எதற்கு என்று அவன் சிரித்தான். சரி, அதுவும் பிறகு என்று விட்டுவிட்டாள்.

இரண்டாம் நாள் சுவிட்சை அழுத்தினால் வெறும் டக் என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. எர்த் ஒயரைப் பெயிண்ட் மேலேயே முடுக்கியிருந்தாள். பெயிண்டைச் சுரண்டி, வெறும் இரும்பின் மேல் மறுபடி முடுக்கினாள். இப்போது வின்ச் சுற்றியது, ஆனால் தலைகீழாக. இழு என்றால் விட்டது, விடு என்றால் இழுத்தது. எல்லாவற்றையும் அவிழ்த்து மாற்றினாள். அடியில் குப்புறப் படுத்துப் படுத்துக் கழுத்து பிடித்துக்கொண்டது.

மூன்றாம் நாள் எல்லாம் சரியாக ஓடியது. பக்கத்துத் தெருவரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து வண்டியை நிறுத்தி, கதவைச் சாத்தினாள். மரவள்ளிக்கிழங்கும் இறைச்சியுமாகத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த நேரம், யாரும் தொடாத வின்ச் உறுமத் தொடங்கியது. பிசிறில் உரசித் தோலுரிந்த இரண்டு ஒயர்கள், கதவு சாத்திய அதிர்வில் நெருங்கி, இப்போது ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. முற்றத்தில் தளர்வாகக் கிடந்த கொக்கி புழுதியில் இழுபட்டு ஓடி, பம்பரில் போய் மோதியது. அப்போதும் வின்ச் நிற்கவில்லை. அவள் தட்டைப் போட்டுவிட்டு ஓடி, பானட்டைத் திறந்து, பேட்டரி ஒயரைப் பிடுங்கினாள். அதற்குள் பம்பரின் தகடு காது மடங்கியது போல வளைந்திருந்தது.

"நான்தான் ரப்பர் போடச் சொன்னேனே" என்றான் இசபெலினோ.

"இன்னொரு சுவிட்ச் எதுக்குன்னு கேட்டது யாரு? உன் தாத்தாவா?"

"கத்தாத. முதுகு வலிக்குது."

"கத்துறது நான், வலிக்கிறது உனக்கா? நல்லாருக்கு."

அவன் தெரெரே குவளையைக் கீழே வைத்தான். பிறகு மேற்கூரையைப் பார்த்துக்கொண்டே, "அந்தப் பட்டன் வந்துட்டா நான் அந்த வண்டியில என்ன வேலை பார்க்கப்போறேன்?" என்றான்.

வேறொரு நாளாக இருந்தால் அவள் ஏதாவது ஆறுதலாகச் சொல்லியிருப்பாள். அன்று கையெல்லாம் கிரீஸ், வயிறு காலி, தட்டில் இருந்த இறைச்சியை நாய் தின்றுகொண்டிருந்தது.

"மூட்டை தூக்கு. முதுகு சரியானதும்" என்றாள்.

பழைய டயர் டியூபை வெட்டித் துளைக்கு ரப்பர் வைத்தாள். தோலுரிந்த ஒயர்களை மாற்றினாள். நிறுத்தும் சுவிட்சையும் பூட்டினாள். தகட்டைச் சம்மட்டியால் அடித்து நேராக்க இன்னும் இரண்டு நாள் ஆனது.

ஏப்ரல் முதல் வாரம் மறுபடி மழை பிடித்தது, மறுபடி புதைந்தாள். கயிற்றைக் கெப்ராச்சோ மரத்தில் கட்டிவிட்டு, உள்ளே வந்து உட்கார்ந்து, சுவிட்சை அழுத்தினாள். வண்டி அசைந்தது. முனகிக்கொண்டே முன்னேறியது. சேறு படாத கையைப் பார்த்து, இரண்டு மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். அடுத்த நிமிஷம் கிரீச்சென்று எல்லாம் நின்றது. இறங்கிப் பார்த்தால், இரும்புக் கயிறு உருளையின் ஒரே ஓரத்தில் குவிந்து ஏறி, இறுகிச் சிக்கியிருந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தவள் கண்ணுக்கு உருளை தெரியாது. அது ஒழுங்காகச் சுற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டே இழுத்ததும் இசபெலினோதான். அது ஒரு வேலை என்று அவனும் சொன்னதில்லை, அவளும் நினைத்ததில்லை. முழங்கால் சேற்றில் நின்று கடப்பாறையால் நெம்பி அதைப் பிரிக்க இரண்டு மணி நேரம் ஆனது.

அதற்குப் பிறகு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். கொஞ்சம் இழுப்பது, இறங்கிப் பார்ப்பது, ஏறுவது, மறுபடி கொஞ்சம் இழுப்பது. ஒரு பள்ளத்தைத் தாண்டுவதற்குள் இருபது தடவை ஏறி இறங்குவாள். வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது இசபெலினோவின் முகம் மலர்ந்ததைப் பார்த்து அவளுக்கு எரிச்சல்தான் வந்தது.

மே மாதம் ஒரு பண்ணையின் மேஸ்திரி அவள் டேஷ்போர்டை எட்டிப் பார்த்து, சின்ன வேலைதானே, தன் வண்டிக்கும் இதே மாதிரி ஒன்று மாட்டித் தரமுடியுமா என்று கேட்டான். அவள் சொன்ன முதல் பதிலை அச்சில் போட முடியாது. பிறகு ஒரு பாக்கெட் யெர்பாவை அவன் கையில் திணித்து, "முதல்ல உன் பொண்டாட்டிகிட்ட சண்டை போடத் தெம்பு இருக்கான்னு பார்த்துக்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.