பழைய மாதிரி இல்லை

போன வருடம் நடந்தது இது. கோவையில் சிங்காநல்லூர் பக்கம் எங்கள் வீடு. மாடியில் இருக்கிற ஒற்றை அறையில்தான் என் தம்பியின் இசைக்குழு பாட்டுகளைத் தயார் செய்யும். கல்லூரியில் ஒன்றாகப் படித்த நாலு பேர். சொந்தமாகப் பாட்டெழுதி, மெட்டுப் போட்டு, இணையத்தில் விடுவார்கள். கல்லூரி விழா, கல்யாண வரவேற்பு என்று அந்தியூர் வரைக்கும் போய் வாசிப்பார்கள். தம்பி கீபோர்டு. பதிவு முடிந்ததும் எந்தச் சத்தம் எவ்வளவு கேட்க வேண்டும் என்று கூட்டிக் குறைத்துச் சரிசெய்கிற மிக்ஸிங் வேலையும் அவனுடையதுதான்.

தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை, அந்தக் குழுவின் முதல் ரசிகை நான்தான். காலையில் பஸ்ஸில் வேலைக்குப் போகும்போது அவர்கள் பாட்டுதான். காதுக்கு அவ்வளவு இதமாக இருக்கும். உக்கடம் நெரிசலில் வண்டி நின்றால்கூட எரிச்சல் வராது.

ஆனால் அந்த வருடம் வந்த பாட்டுகள் எல்லாம் ஒரே கீச்சுச் சத்தம். டிரம்ஸில் இருக்கிற பித்தளைத் தட்டின் ஓசை காதைக் குத்தியது. பாடுகிறவர் ‘ச’ என்று வாயெடுத்தால் பாம்பு சீறுவது போல இருந்தது. ஒரு பாட்டுதானே, போனால் போகிறது என்று விட்டேன். அடுத்தது அதைவிட மோசம். பாட்டுக்குக் கீழே ஜனங்கள் “பழைய மாதிரி இல்லை”, “பெரிய ஆளாயிட்டாங்க” என்று எழுத ஆரம்பித்தார்கள். எனக்கும் அதே நினைப்புதான். நாலு பேர் கைதட்டியதும் இவனுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது, எவனையோ பார்த்துக் காப்பியடிக்கிறான் என்று. என் வாய் சும்மா இருக்காது. சாப்பிடும்போது கேட்டேவிட்டேன்.

“ஏன் தம்பி, பாட்டு கேக்கற மாதிரியா இருக்குது? பழையபடி போட்டா என்ன?”

சோற்றில் இருந்து கையை எடுத்துவிட்டான். “பழைய மாதிரியேதானக்கா இருக்குது. உனக்கென்ன தெரியும்?”

எழுந்து போய்விட்டான். பொண்ணு பாத்துட்டிருக்கற நேரத்துல அவங்கூட வம்பு பண்ணாத அம்மணி என்று அம்மா என்னைத்தான் அடக்கினாள். அதன்பிறகு அவன் பாட்டைப் பற்றி நான் பேசவில்லை. கேட்பதையும் விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய்த் திரும்பினால், எதிர்வீட்டு அம்மா வாசலில் நின்று கூப்பிட்டார். “ஏனுங்க, உங்க டேங்கு நெறஞ்சு ஊட்டு முன்னாடியெல்லாம் தண்ணி ஓடுதுங்க!”

அத்தனையும் குடிக்கிற சிறுவாணித் தண்ணீர். மோட்டாரை அணைத்துவிட்டு, வந்த கோபத்துக்குப் படியேறினேன். தொட்டி நிறைந்தால் கத்துகிற அலாரம், மாடி அறைக் கதவுக்கு மேலேதான் மாட்டியிருக்கிறது. அது இன்னும் ‘கிய்ங், கிய்ங்’ என்று உயிர்போகிற மாதிரி கத்திக்கொண்டிருந்தது. தம்பி கதவைத் திறந்துவைத்து, அதற்கு நேர்கீழே உட்கார்ந்து நிதானமாகக் காபி குடித்துக்கொண்டிருந்தான். ஹெட்போன்கூடப் போட்டிருக்கவில்லை.

“தம்பி” என்றேன். உடனே திரும்பி, “வாக்கா” என்றான். என் குரல் கேட்கிறது. தலைக்கு மேலே கத்துகிற அது கேட்கவில்லை.

திட்ட வந்ததை விட்டுவிட்டேன். இப்போது ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று கேட்டேன். அவன் என்னைப் பார்த்தான். என் கண் போன பக்கம் நிமிர்ந்தான். அலாரத்தின் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. முகம் வெளுத்துப் போனான்.

கொஞ்ச நாளாகவே காதுக்குள் ‘ஙொய்’ என்று ஏதோ இரைகிறதாம். தானாகச் சரியாகிவிடும் என்று இருந்தானாம். மேடையில் டிரம்ஸுக்கும் பெரிய ஸ்பீக்கருக்கும் நடுவில் நின்று வாசித்தது எத்தனை வருடம்! பெண் பார்க்கிற நேரத்தில் காதில் கோளாறு என்று வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று யாரிடமும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் காது டாக்டரிடம் அழைத்துப் போனேன். கண்ணாடி அறைக்குள் அவனை உட்காரவைத்து ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் கையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். வெளியே இருந்து அவன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். முதலில் டக் டக்கென்று அழுத்தினான். பிறகு விரல் நின்றுவிட்டது. பரிசோதிக்கிற பெண் இங்கே எதையோ திருகிக்கொண்டே இருக்கிறார், அவன் சும்மா உட்கார்ந்திருக்கிறான். அழுத்து கண்ணு, அழுத்து என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவன் விரல் அசையவில்லை.

டாக்டர் நிதானமாகச் சொன்னார். மெல்லிய, கீச்சென்ற சத்தங்கள் இரண்டு காதிலும் நிறையப் போய்விட்டன. போனது திரும்பாது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம், இப்படியே விட்டிருந்தால் பேச்சைப் புரிந்துகொள்வதே சிரமமாகியிருக்கும் என்றார். கொஞ்ச காலம் மேடை வேண்டாம், பிறகு ஏறினாலும் காதில் அடைப்பான் வைத்துக்கொண்டுதான்.

வெளியே வந்து பைக்கைக்கூட எடுக்காமல் நின்றான்.

“அப்ப ஜனங்க எழுதுனதெல்லாம் நெசந்தானாக்கா? எனக்குப் பழைய மாதிரியேதான் கேட்டுது. பழைய மாதிரி வர்ற வரைக்கும் அந்தக் கீச்சுச் சத்தத்தையெல்லாம் ஏத்தி ஏத்தி வெச்சேன்.”

அவ்வளவு பெரிய ஆம்பளை ரோட்டில் நின்று அழுதான். ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

குழுவில் மற்ற மூவருக்கும் அந்தக் கீச்சு கேட்டுத்தான் இருந்திருக்கிறது. இவன் புதுசாக என்னவோ செய்கிறான் என்று மரியாதைக்குப் பேசாமல் இருந்துவிட்டார்களாம். இப்போது மிக்ஸிங் வேலையைப் பாடகர் பார்க்கிறார். காது விஷயத்தை மறைக்காமல் சொன்னதில் ஒரு சம்பந்தம் தட்டிப் போனது. போகட்டும். மறுபரிசோதனைக்கு அவன் அந்தக் கண்ணாடி அறைக்குள் போகும்போதெல்லாம் வெளியே நின்று அவன் விரலையே பார்க்கிறேன். ஆனால் இதுவரை மேற்கொண்டு எதுவும் குறையவில்லை.

மாறிவிட்டான், மாறிவிட்டான் என்று நாங்கள் எல்லாரும் குறைப்பட்டுக்கொண்ட அந்த நாட்களில், பழைய பாட்டைக் கைவிடாமல் இருக்கப் பாடுபட்டவன் அவன் ஒருவன்தான்.