சித்தப்பா குடித்துச் சாகவில்லை

ஸ்மராந்தாவுக்கு முதல் வலிப்பு வந்தபோது வயது ஒன்பது. அப்பா கோஸ்தாகே கதவைச் சாத்திவிட்டு, "வெளிய மூச்சு விடக் கூடாது. தெரிஞ்சா உங்க அக்காவ எவன் கட்டுவான்?" என்றார்.

அக்காவுக்குக் கல்யாணம் ஆயிற்று. தங்கையின் வாய்ப்பூட்டு மட்டும் திறக்கவில்லை. வைத்தியம் என்று பாதிரியார் பேயோட்டும் ஜெபம் வாசித்ததோடு சரி. வளர்ந்து பிரெயிலா நகரத்துத் தையல் தொழிற்சாலைக்குப் போனவள், முப்பத்து நாலு வயதில் ஒரு நரம்பு மருத்துவர் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"மாத்திரை குடுங்க, சாப்பிடறேன். ஆனா ஏன் வருதுன்னும் சொல்லணும்."

ரத்தம் எடுத்தார்கள். மாதங்கள் கழித்து என்.பி.ஆர்.எல்-3 என்ற மரபணுவின் பெயரோடு முடிவு வந்தது.

"உடம்புல ஒவ்வொரு செல்லும் சத்து இருக்கான்னு பாத்துதான் வளரும்," என்றார் மருத்துவர். "இல்லைன்னா 'நிறுத்து'ன்னு சொல்ற புரதங்கள்ல ஒண்ண இந்த மரபணு செய்யுது. உங்ககிட்ட இருக்கற ரெண்டு பிரதியில ஒண்ணு பழுது. பிரேக் தளர்ந்தா மூளையில சில இடம் அடங்காது. அப்பாவோ அம்மாவோ குடுத்திருக்கலாம். அவங்களுக்கு வலிப்பே வராமகூட இருந்திருக்கும். சிலருக்குத் தூக்கத்துலயே வந்து உயிர் போயிடறதும் உண்டு."

அவளுக்கு யெனாக்கே சித்தப்பாவின் ஞாபகம் வந்தது. ஏழு வருடத்துக்கு முன் ஒரு காலையில் படுக்கையில் குப்புறக் கிடந்தார். குடித்தே செத்தான் என்று ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது.

அவருடைய ஏழாம் வருட நினைவு விருந்து. பந்தியில் பந்தெலிமோன் மாமா ஒயின் கோப்பையைத் தூக்கினார். "யெனாக்கே இருந்திருந்தா இந்தப் பீப்பாய் மிஞ்சியிருக்குமா!"

எல்லாரும் சிரித்தார்கள். ஸ்மராந்தா எழுந்தாள்.

"சித்தப்பா குடிச்சுச் சாகல. அவருக்கும் எனக்கிருக்கற வலிப்புதான் இருந்திருக்கணும்."

"உட்காருடி," அப்பா பல்லைக் கடித்தார்.

"இருபத்தஞ்சு வருஷம் உட்கார்ந்தாச்சுப்பா."

சித்தி அனேத்தா கரண்டியை வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள். "நாக்கு கடிபட்டுக் கிழிஞ்சிருந்துச்சு. தலைபாடா அடிச்சுக்கிட்டேன், ஒருத்தரும் கேக்கல."

"அப்போ குடும்பச் சாபம்னு சொல்லு," என்றார் பந்தெலிமோன்.

"சாபமும் இல்ல, பாவமும் இல்ல. பரம்பரையா வர்றது, உங்க மூக்கு மாதிரி. அந்த மூக்குக்கு நீங்க யார்கிட்டயாவது மன்னிப்பு கேட்டீங்களா மாமா?"

இந்தத் தடவை சிரிப்பு அவர் பக்கம் திரும்பியது. அப்பா மட்டும் எழுந்து தொழுவத்துக்குப் போய்விட்டார். பந்தி கலைந்த பிறகே வந்தார்.

"எனக்கும் கை வெட்டி வெட்டி இழுக்கும். மாட்டுக்குத் தண்ணி காட்டற சாக்குல உள்ள போயிடுவேன்," என்றார் தரையைப் பார்த்து. "ரத்தம் குடுக்க எந்த பஸ்ல போகணும்?"

அவருக்கும் அதே பழுது இருந்தது. சித்தியின் மகளுக்கும் இருந்தது; வெறித்து நிற்பதால் பகல்கனவுக்காரி என்று பெயர் வாங்கியிருந்தாளே, அதுவும் வலிப்புதான். அவளுக்கு உடனே மருந்து தொடங்கினார்கள்.

ஸ்மராந்தாவுக்கு வலிப்பு குறைந்தது, நிற்கவில்லை. தொழிற்சாலையில் தன் தையல் மெஷினுக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டினாள்: 'நான் விழுந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ்.' மேற்பார்வையாளர் கிழித்தார். மறுநாள் ஒட்டினாள். மறுபடி கிழித்தார். நாலாம் தடவை பசை போதாதென்று ஆணியே அடித்தாள். அது அங்கேயே இருக்கிறது.