எல்டர்பியில் சும்மா இருந்த கை

கர்நாடகா வண்டி என்றால் முதலில் காபிக் கடையைக் கேட்பார்கள், அப்புறம்தான் பெருமாள். ஆந்திரா வண்டி என்றால் உள்ளே ஒரு கல்யாணம் உட்கார்ந்திருக்கும். மெட்ராஸ் வண்டி எல்லாம் தெரிந்த மாதிரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு விர்ரென்று போய், தெருக்கோடியில் வழி தெரியாமல் நிற்கும். சின்ன காஞ்சிபுரத்தில், வரதராஜப் பெருமாள் கோயிலுக்குத் திரும்பும் முனையில் நின்றபடி, நம்பர் பலகையைப் படித்துக்கொண்டே சாமுவேல் கையைத் தூக்குகிறார். பாதி நாள் கணக்கு தப்பும். போன மாதம் கல்யாண கோஷ்டி என்று அவர் விரட்டிப் போன வண்டியில் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் குடும்பத்தோடு வந்திருந்தார்.

அந்தக் கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது முழுதாக மேலே போகாது. இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, உள்ளங்கை தரையைப் பார்த்திருக்க, இரண்டு விரல் மட்டும் மடங்கி மடங்கி நிமிரும். இப்படி வா, இப்படி வா. கெஞ்சல் கிடையாது. நகராட்சியே தம்மை அங்கே நட்டுவைத்திருக்கிறது என்கிற தோரணை. ஓட்டுகிறவர் பார்க்கிங் ஆள் என்று நினைத்து வேகத்தைக் குறைப்பார். குறைத்தால் தீர்ந்தது கதை. ஐம்பத்தெட்டு வயது சாமுவேல் கண்ணாடி ஓரமாகக் கூடவே ஓட ஆரம்பித்துவிடுவார்.

"வாங்க வேணாம் சார், சும்மா பாருங்க. தறி ஓடிக்கினு இருக்குது. பாக்கறதுக்குக் காசா?"

ஊர் இவரைப் புரோக்கர் என்கிறது. இவர் தம்மை கைடு என்கிறார். கூட்டிப் போவது பிள்ளையார்பாளையத்தில் வீரபாகுவின் பட்டுக் கடைக்கு. கடையின் முகப்பில் ஒரு தறி இருக்கிறது. வாசலில் கார் நின்றால்தான் அது ஓடும். மாம்பழ நிறப் புடவை ஒன்று அதில் பல தீபாவளிகளாக நெய்யப்பட்டுக்கொண்டே இருக்கிறது. அதே தெருவில் நாலு வீடு தள்ளிப் போனால் நிஜத் தறிகள் தடதடவென்று ஓடுகின்றன. அங்கே ஏசி கிடையாது, சாமுவேலுக்குக் கமிஷனும் கிடையாது. அதனால் அந்த வீடுகளைப் பற்றி அவர் வாய் திறப்பதில்லை.

போகிற வழியில் தலபுராணம் இலவசம். தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லி, கல்லிலேயே செதுக்கிய சங்கிலி, குளத்துக்குள் நாற்பது வருஷம் படுத்திருக்கும் அத்தி வரதர் என்று சரளமாக வரும். கேட்கிற பக்தர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். சாமுவேல் சி.எஸ்.ஐ. சபைக்காரர். ஞாயிறு காலையில் வெள்ளைச் சட்டையோடு முன் பெஞ்சில் இருப்பார். இந்தக் கோயிலுக்குள் ஒரு நாளும் போனதில்லை. பல்லியைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களிடம் கேட்டு, உள்ளே போகிறவர்களுக்குச் சொல்கிறார். தங்கப் பல்லி வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் நீளமாகிக்கொண்டே வருகிறது. அவருடைய தாத்தா திருப்புட்குழியில் அடுத்தவர் நிலத்தில் ஏர் பிடித்தவர். இந்தத் தெருவில் அவர் கால் வைத்திருக்க முடியாது. பேரன் இந்தத் தெருவைக் காட்டித்தான் சாப்பிடுகிறார்.

போன வருஷம் இந்தக் கைக்கு ஆறு வாரம் ஓய்வு கிடைத்தது. மகள் கிரேஸ் இங்கிலாந்தின் வடக்கே எல்டர்பி என்ற பழைய சந்தை ஊரில் இருக்கிறாள். பக்கத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பாவும் அம்மாவும் வந்து தங்கிவிட்டுப் போகட்டும் என்று டிக்கெட் போட்டாள். சத்துணவுக் கூடத்தில் சமைக்கிற அம்மா பட்டம்மாளுக்கு லீவு இல்லை. லீவு இருந்திருந்தாலும் குளிரில் போய் விறைத்துச் சாக அவளுக்கு விருப்பமில்லை. ஆகவே சாமுவேல் தனியாகப் போய் இறங்கினார்.

விமான நிலையத்தில் பெட்டியை வாங்கிக்கொண்டதும் கிரேஸ் சொன்னது இதுதான்.

"அப்பா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இங்க அந்தக் கை மட்டும் வேணாம்பா."

எந்தக் கை என்று அவர் கேட்கவில்லை. கிரேஸ் பதினொன்றாவது படிக்கும்போது, கூடப் படிக்கிற பெண்ணின் வீட்டுக் காரில் கோயில் பக்கம் வந்தாள். அந்தக் காரை இவர் பிடித்தார். கண்ணாடி ஓரமாக ஓடிக்கொண்டே தறி, பட்டு, சும்மா பாருங்க என்று பாடத்தை ஒப்பித்தவருக்கு, பின் சீட்டுக்கு அடியில் குனிந்திருந்த பின்னலும் பள்ளிக்கூட ரிப்பனும் தெரிந்தன. தெரிந்ததும் நின்றுவிட்டார். வீட்டில் இரண்டு பேருமே அதைப் பேசவில்லை. அவள் படித்ததும் நர்ஸ் ஆனதும் கடல் தாண்டியதும் அந்தச் சீட்டுக்கு அடியிலிருந்து புறப்பட்ட ஓட்டம்தான் என்று சாமுவேலுக்கு ஓர் எண்ணம். அதை நினைத்தால் அவருக்கு வலிக்கும்.

"சரிம்மா" என்று சொல்லி இரண்டு கைகளையும் ஜாக்கெட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார். எல்டர்பி ஜனங்கள், பாவம் இந்த மனிதருக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நினைத்தார்கள்.

வியாழக்கிழமை சந்தை. ஊர் நடுவில் கல் பாவிய சதுக்கம், அதன் மத்தியில் தேய்ந்துபோன ஒரு கல் சிலுவை. எழுநூறு வருஷத்துக்கு முன்னால் ராஜா ஒருவர் இங்கே சந்தை கூட அனுமதி கொடுத்தார் என்று பலகை சொன்னது. சந்தை போட ராஜாவா வந்து கையெழுத்துப் போடணும் என்று சாமுவேல் வியந்தார். பாலாடைக் கட்டி, கம்பளிக் காலுறை, செடித் தொட்டி, வீட்டில் செய்த ஜாம். தொழில்காரர் என்ற முறையில் ஒரு சோதனை செய்து பார்க்கத் தீர்மானித்தார். வாயைப் பிளந்துகொண்டு அண்ணாந்து பார்த்தார். வழி தெரியாத மாதிரி நடுச் சதுக்கத்தில் நின்றார். கம்பளியைத் தொட்டுவிட்டுக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். காஞ்சிபுரத்தில் இந்த லட்சணத்தோடு ஒரு வெளியூர்க்காரன் வந்து நின்றால் மூன்று புரோக்கர்களுக்குள் அடிதடி நடக்கும். இங்கே ஒருவரும் அசையவில்லை. இரண்டாவது சுற்றும் வந்தார். ஜாம் விற்கிற அம்மாள் வணக்கம் சொல்லிவிட்டுத் தன் கம்பளிப் பின்னலில் மூழ்கிவிட்டாள்.

சாமுவேல் மனம் உடைந்து வீடு திரும்பினார்.

"ஒருத்தன் வந்து எந்த ஊர்னு கேக்கல கிரேஸு. எனக்கு என்னா, வாங்கற மூஞ்சி இல்லயா?"

ஊரைச் சுற்றிப் பார்த்ததில் அவருக்கு நிறைய ஆட்சேபணைகள். கூரை இல்லாத இடிந்த கோட்டைக்கு டிக்கெட்டு, கூரை உள்ள சர்ச்சுக்கு டிக்கெட்டு இல்லை. ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது, ஒருவரும் துவைக்கவில்லை. மலை முழுக்க ஆடு, மேய்ப்பவனைக் காணோம். அந்த மலைக்குத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிரேஸ் கூட்டிப் போனாள். கல்லை அடுக்கிக் கட்டிய வேலிச் சுவர்கள் பச்சை மேட்டில் ஏறி இறங்கிப் போயின. வழியில் ஒரு சுவர். அதைத் தாண்ட மரப்படி வைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் யாரோ ஒருவருடைய மேய்ச்சல் நிலம்.

சாமுவேல் படியில் ஏறவில்லை. இது யாருடைய நிலம் என்று கேட்டார். யாரோ விவசாயியுடையது, ஆனால் நடைபாதை பொது, யார் வேண்டுமானாலும் குறுக்கே போகலாம், அதுதான் இங்கே சட்டம் என்று கிரேஸ் சொன்னாள். அவர் மறுபடி கேட்டார். அவள் மறுபடி சொன்னாள்.

"ஒருத்தரும் கேக்க மாட்டாங்களாம்மா?"

"மாட்டாங்கபா. ஏறு."

ஏறினார். கேலியும் கிண்டலுமாகப் பேசுகிற மனுஷன், அந்த நிலத்தைக் கடக்கிற வரைக்கும் யாராவது அதட்டுகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். எதிரே நாயோடு வந்த ஒரு வெள்ளைக்காரர் நல்ல வெயில் என்று சொல்லிவிட்டுப் போனபோதுதான் மூச்சு வந்தது.

அவரை உண்மையில் குழப்பியது அய்லீன். எண்பதை எட்டிய விதவை. கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு, சர்ச் வாசலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். உள்ளே வருகிறவர்களுக்கு மணிக்கூண்டையும் கண்ணாடி ஓவியத்தையும் கல்லறை மேல் கல் சிலையாகத் தூங்கும் பிரபுவையும் காட்டுவாள். சாமுவேலுக்குப் பாதி இங்கிலீஷ்தான் புரிந்தது. ஆனாலும் உருகிப் போய்க் கேட்டார். கதை கேட்க அல்ல. பேச்சு எந்த இடத்தில் கடைப் பக்கம் திரும்பும் என்று பார்க்க. பிரபுவின் கதை முடிந்ததும் திரும்பும் என்று எதிர்பார்த்தார். திரும்பவில்லை. அவள் நன்றி சொன்னாள், வெயில் இருக்கும்போதே மலைக்குப் போய் வாருங்கள் என்றாள், போய் உட்கார்ந்துகொண்டாள். அடுத்த நாளும் போனார். அதற்கடுத்த நாளும் போனார். சூட்சுமம் பிடிபடவில்லை.

"அவங்களுக்குக் கடை இல்லபா" என்றாள் கிரேஸ். "அந்த சர்ச் அவங்களுக்குப் புடிக்கும். வர்றவங்களுக்குக் காட்டறாங்க. அவ்ளோதான்."

அவ்வளவுதானா என்று சாமுவேல் இரண்டு தரம் கேட்டார்.

ஊர் திரும்புவதற்கு முந்தின வியாழன், சதுக்கத்தில் ஒரு பெரிய பஸ் வந்து நின்றது. பெரியவர்களும் அம்மாள்களுமாக ஒரு கூட்டம் இறங்கி, எங்கே போவது என்று விழித்தது. சர்ச் வாசலில் அய்லீன் எழுந்து நின்று, அட்டையைச் சரி செய்து, முகம் மலரக் காத்திருந்தாள். கூட்டம் டீக்கடையைப் பார்த்தது. இந்த மாதிரி விழிக்கிற கூட்டத்தைச் சாமுவேல் முப்பது வருஷமாகப் பார்த்திருக்கிறார். இரண்டு விரல் போதும். மொத்தக் கூட்டமும் சர்ச்சுக்குள் இருக்கும். வலது கை பாக்கெட்டை விட்டு வெளியே வந்துவிட்டது. பக்கத்தில் கிரேஸ் நின்றாள். அவர் அவளைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார், கையைத் திரும்ப உள்ளே விட்டுக்கொண்டார். பஸ் கூட்டம் டீக்கடைக்குள் போய்விட்டது. அய்லீன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உட்கார்ந்தாள்.

"பாவம்மா அந்தம்மா" என்றார் சாமுவேல். வீடு வரும் வரைக்கும் கிரேஸ் அவருடைய ஜாக்கெட் பாக்கெட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

காஞ்சிபுரம் திரும்பியவருக்கு ஒரு வாரம் எல்டர்பி பிடித்து ஆட்டியது. கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, கோயில் முனையில் அமைதியாக நின்று, வந்தவர்களுக்குச் சும்மா கதை சொன்னார். கடைப் பேச்சே எடுக்கவில்லை. ஜனங்கள் அரண்டுவிட்டார்கள். கடைக்கு வா என்று இழுக்கிறவனை நம் ஆட்களுக்குப் பழக்கம். ஒன்றுமே வேண்டாம் என்கிறவன் எதற்கு அடி போடுகிறானோ என்று பெங்களூர்க் குடும்பம் ஒன்று கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, கதையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடியது. ஆட்டோ ஸ்டாண்டு சந்தோஷ்குமார், சீமைக்குப் போய் வந்ததில் அண்ணனுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பூக்கடை வரைக்கும் சொல்லி வைத்தான். மறு வாரம் கை வெளியே வந்தது. தறி மறுபடி ஓடியது.

போன ஜனவரியில் கிரேஸ் விடுமுறைக்கு வந்தாள். அப்பா போன பிறகு சர்ச்சில் பழகிப்போன அய்லீனையும் கூட்டி வருவதாகச் சொல்லியிருந்தாள். சாயங்காலம் வருவார்கள், மத்தியானத்தோடு வீட்டுக்கு வந்து குளித்து நல்ல சட்டை போட்டுக்கொள் என்று பட்டம்மாள் காலையிலேயே உத்தரவு போட்டாள். அன்றைக்கு முனையில் நிற்பதை அவர்கள் பார்க்கக் கூடாது என்பதில் சாமுவேலும் உறுதியாகத்தான் இருந்தார். பதினோரு மணி சுமாருக்கு மஞ்சள் பலகை வாடகை வண்டி ஒன்று திரும்பியது. முன் சீட்டில் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மாள், முகத்தை மறைத்துக்கொண்டு மேப்பை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை தானாக எழுந்தது. வண்டி வேகத்தைக் குறைத்தது. சாமுவேல் ஓடினார்.

"மேடம், சில்க் லூம் மேடம். நோ பையிங், ஒன்லி லுக்கிங்."

மேப் கீழே இறங்கியது. அய்லீன். பின் சீட்டில் கிரேஸ்.

அவர் கால் நின்றுவிட்டது. கை பேன்ட் பாக்கெட்டுக்குள் போனது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பூக்கடைப் பக்கம் திரும்பிக்கொண்டார். சீமையில் ஆறு வாரம் கட்டிக் காத்ததை, சொந்த ஊரில் ஒரு நொடியில் போட்டு உடைத்துவிட்டார். வண்டி அவரைத் தாண்டிப் போனது. போகட்டும் என்றுதான் நினைத்தார்.

"அண்ணே, அங்க பாரு" என்றான் சந்தோஷ்குமார்.

வண்டி கொஞ்ச தூரத்தில் ஓரங்கட்டி நின்றிருந்தது. பின் ஜன்னல் வழியாக ஒரு கை வெளியே நீண்டிருந்தது. கடிகாரம் கட்டிய கை, கிரேஸின் கை. உள்ளங்கை தரையைப் பார்த்திருக்க, இரண்டு விரல் மட்டும் மடங்கி மடங்கி நிமிர்ந்தது.

சாமுவேல் பாக்கெட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டு அந்த வண்டியைப் பார்த்து ஓடினார்.